முதல் ஆள் எலிக்கு

'வலிமை' என்ற கட்டத்தில் பதினெட்டு என்று எழுதிவிட்டுக் கஞ்சன் பென்சிலைக் கீழே வைத்தான். ஒரு புது ஆளுக்கு அந்த எண்ணை அவன் கை இதுவரை எழுதியதே இல்லை. எழுதச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு, எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டு பாதி ஆட்டத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்கள் யாராவது இப்போது எட்டிப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். நல்லவேளையாக அவன் உட்கார்ந்திருந்தது ஒரு அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறையில். லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் வேலை, இது மதிய இடைவேளை. மோட்டார் தன்பாட்டுக்குக் கம்பிகளை இழுப்பதும் விடுவதுமாக இருந்தது. கீழே யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள். அவன் அடுத்த கட்டத்துக்குப் போனான். 'உயிர்' என்று போட்டிருந்தது. அதில் ஐம்பது என்று எழுதினான்.

கஞ்சன் என்பது அவன் கூட்டாளிகள் வைத்த பெயர். காசு விஷயத்தில் அவன் கை தாராளம்தான். கஞ்சத்தனமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற அந்த ஆட்டத்தில் மட்டும். வாளும் மந்திரமும் உள்ள ஒரு கற்பனை நாடு. ஆடுகிற ஒவ்வொருவரும் அந்த நாட்டில் தனக்கென்று ஓர் ஆளைச் செய்துகொள்வார்கள். அந்த ஆள் எங்கே போகிறான், யாரை அடிக்கிறான் என்பதை அவர்கள் சொல்வார்கள். அடி விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும், எண் பெரிதானால் அடி விழும். மற்றதையெல்லாம், காற்று, மழை, கதவுக்குப் பின்னால் நிற்கிற பூதம் உட்பட, கஞ்சன் சொல்லுவான். மற்ற இடங்களில் ஆடுகிறவர்கள் முதல் நாளே பளபளக்கும் வாளோடு வந்து, டீ ஆறுவதற்குள் நாலு ஓநாயைச் சாய்த்துவிடுவார்களாம். இவனிடம் அந்தக் கதையே நடக்காது. புது ஆளுக்கு உயிர் மூன்று. துருப்பிடித்த கத்தி ஒன்று. கிழிந்த போர்வை ஒன்று. முதல் வேலை எப்போதும் ஒன்றேதான்: மாவு மில்காரரின் நிலவறையில் இருக்கும் எலிகளைக் கொல்ல வேண்டும். எலி சரியாக ஒரு கடி கடித்தால் மூன்று உயிரும் போய்விடும். பெரும்பாலும் போய்விடும். "முதல் ஆள் எலிக்கு" என்று அந்த மேசையில் ஒரு பேச்சே உண்டு. யாருடைய ஆளாவது செத்தால் எல்லோரும் சேர்ந்து அதைச் சொல்லிவிட்டு, மேசை வரைபடத்தில் அந்த ஆளுக்காக வைத்திருந்த பொத்தானை ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார்கள். டப்பாவுக்குச் சுடுகாடு என்று பெயர்.

இதை எதிர்த்து வாரம் தவறாமல் கொடி பிடிக்கிறவன் நெட்டை. வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. "வாரம் பூரா மாடி மாடியா ஏறி, நாய்கிட்ட கடி வாங்கி, கஸ்டமர்கிட்ட திட்டு வாங்கிட்டு வர்றேன். இங்க வந்து எலிகிட்டயும் கடி வாங்கணுமா? ஒரு நாளாவது நான் பலசாலியா இருந்துட்டுப் போறேனே, உன் அப்பன் வீட்டுச் சொத்தா குறைஞ்சிடும்?" என்பான். கணக்கு டீச்சர் நடுவில் புகுந்து, மூன்றை ஏழாக்கலாம், எலிக்குக் கொஞ்சம் குறைக்கலாம் என்று பள்ளிக்கூடப் பேரத்தில் இறங்குவார். கஞ்சன் மசிய மாட்டான். லிஃப்டுக்குக் கீழே ஒரு குழி இருக்கும், அந்தக் குழி இல்லாமல் லிஃப்டே கட்ட முடியாது என்பான். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவனுக்குத்தான் மாடி மாடி. பத்தாவது மாடியிலேயே பிறந்தவனுக்கு அது வெறும் தரை என்பான். ஒன்றரை வருடம் ஆடி, இரண்டு ஆளைப் பறிகொடுத்து, மூன்றாவது ஆளுக்கு ஒரு நல்ல வாள் கிடைத்த அன்றைக்கு நெட்டை மேசையில் குத்தி அழுதானே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்பான். நெட்டை சிரித்துவிட்டுப் பகடையைக் கையிலெடுப்பான். ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி ஆரம்பிப்பான்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஆள் செத்துப்போனால் அன்றைக்கே வேறு ஆள் கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான். "செத்த அன்னைக்கே பொறக்க முடியாது" என்பது கஞ்சனின் வாக்கு. செத்தவர் மீதி நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வளவு கறார் பேர்வழிதான் இப்போது மோட்டார் அறையில் உட்கார்ந்து ஒரு புது ஆளுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தான். இரும்புக் கவசம், நெருப்பைக் கூப்பிடும் மந்திரம், ஆறடி வாள். அந்த ஆள் அவன் அக்காவுக்கு.

அக்காவும் மாமாவும் இருக்கும் வீட்டில்தான் கஞ்சனும் இருந்தான். மாமா பஸ் டிரைவர். அக்கா துணிகளைத் திருத்தித் தைப்பவள். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பாள், இடுப்பைப் பெரிதாக்குவாள், பிய்ந்த ஜிப்பை மாற்றுவாள். ஆட்டம் நடக்கும் மேசை கூடத்தில், அவளுடைய தையல் மெஷின் அடுத்த அறையில். நடுவில் இருக்கிற கதவை அவள் சாத்தியதே இல்லை, சாத்தினால் காற்று வராது. ஆட்டத்துக்கான பொத்தான்களெல்லாம் அவள் டப்பாவிலிருந்து வந்தவைதான். "வயசான பிள்ளைங்க விளையாட்டு" என்று கேலி செய்துகொண்டே கொடுப்பாள்.

தையல் மெஷின் ஓடி இரண்டு மாதமாகிவிட்டது. வயிற்றில் வந்த கட்டிக்கு ஏற்றிய மருந்தில் அவள் விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. ஊசியைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை என்றாள். கட்டி சுருங்கினால் மருந்தை நிறுத்திவிடலாம், விரல் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் டாக்டர் மாமாவையும் கஞ்சனையும் மட்டும் நடைபாதைக்கு அழைத்தார். கல்லீரலுக்கும் பரவிவிட்டது, இனி மருந்தால் உடம்பு கெடுமே தவிர ஒன்றும் ஆகாது, வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று மாமா கேட்டதற்கு, மாதக் கணக்கில் சொல்ல முடியாது என்றார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது கஞ்சன் எதிரே இருந்த லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் அது தரைக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. ஸ்ட்ரெச்சர் சக்கரங்கள் அந்தப் படியில் இடித்து இடித்து ஏறின. இதை யாராவது பார்த்துச் சரிசெய்யக் கூடாதா என்று அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது. வெளியே வந்ததும் மாமா, "அவகிட்ட சொல்ல வேண்டாம்டா" என்றார். சரி என்றான். இரண்டு பேரும் முகத்தைக் கழுவிக்கொண்டு அக்காவிடம் போனார்கள்.

அன்று சாயங்காலமே அவள் கேட்டாள். தைக்கவும் முடியவில்லை, சும்மா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் படுத்திருப்பது, எனக்கும் ஓர் ஆளைச் செய்து கொடு, இந்த ஞாயிற்றுக்கிழமை நானும் உட்காருகிறேன் என்றாள். கஞ்சனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்கும் மூன்று உயிரும் துருப்பிடித்த கத்தியுமா? எலி கடித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண். அவளிடம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது? நெட்டைக்கு ஒன்றரை வருடம் பிடித்தது அந்த வாளுக்கு. அக்காவுக்கு ஏறிவர நேரமில்லை. ஆகவே மேலேயே கொண்டுபோய் நிறுத்திவிடுவோம் என்று முடிவு செய்தான். முதல் தடவை ஆடுகிறவளுக்கு எது வழக்கம், எது அதிகம் என்று என்ன தெரியப்போகிறது? அவன் செய்த தப்பு அதுதான். மற்றவர்களிடம், அக்காவின் ஆளைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவைத்தான். நெட்டை அவன் முகத்தைப் பார்த்தான், தலையை ஆட்டினான், வேறொன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்தாள். மாமா சமையலறையில் பாத்திரம் கழுவினார். ஆளுக்கு என்ன பெயர் என்று டீச்சர் கேட்டதற்கு, தையக்காரி என்றாள், வேறு பெயர் எதற்கு என்றாள். பகடையை விரலால் எடுக்க முடியவில்லை. அதை ஒரு டீக்கோப்பையில் போட்டுக் குலுக்கி மேசையில் கவிழ்த்தாள். கஞ்சன் வழக்கம்போல் தன் முன்னால் ஓர் அட்டையை நிறுத்தி, தன் பகடைகளை அதன் மறைவில் வைத்துக்கொண்டான்.

தையக்காரி நிலவறைக்குள் இறங்கினாள். எலி பாய்ந்து கடித்தது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கஞ்சன், ஒன்றும் ஆகவில்லை, நாற்பத்தேழு உயிர் மிச்சமிருக்கிறது என்றான். அவள் கண்ணைத் திறந்தாள். வாளை வீசச் சொன்னான், வீசினாள், எலி இரண்டு துண்டானது. இன்னொன்று வந்தது, அதுவும் துண்டானது. மந்திரத்தைச் சொல்லச் சொன்னான். நிலவறையே பற்றி எரிந்து, மூலையில் பதுங்கியிருந்த அத்தனையும் சாம்பலாயின. கஞ்சன் கையை ஆட்டி ஆட்டி அந்த நெருப்பை வர்ணித்தான். அப்படி அவன் எந்த நெருப்பையும் வர்ணித்ததில்லை. டீச்சர் கைதட்டினார். அவர் தட்டியது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அக்கா முதலில் சிரித்தாள். பிறகு நெட்டையைப் பார்த்தாள். ஒரு புது ஆள் முதல் நாளே நிலவறையைக் கொளுத்திவிட்டு நிற்கிறது, நெட்டை குய்யோ முறையோ என்று கத்தவில்லை, மேசையில் குத்தவில்லை. குனிந்து தன் பகடையைத் துடைத்துக்கொண்டிருந்தான். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் சிரிப்பு மெதுவாக நின்றது. பிறகு கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு, நெட்டையும் டீச்சரும் கீழே போய் நாலு டீ வாங்கிக்கொண்டு வரட்டும் என்றாள். வீட்டிலேயே டீ இருக்கிறதே என்று டீச்சர் சொல்ல வாயெடுத்தார். நெட்டை அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனான்.

"எனக்கு எத்தனை உயிர் குடுத்தே?" என்றாள் அக்கா.

"ஐம்பது."

"நெட்டைக்கு?"

அவன் அட்டைக்குப் பின்னால் பகடைகளை அடுக்கினான்.

"எட்டு வருஷமா அந்தக் கதவைத் திறந்து வெச்சுத்தாண்டா தைச்சேன். மூணு உயிர், துருப்பிடிச்ச கத்தி, கிழிஞ்ச போர்வை. உன் சட்டமெல்லாம் எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் வரும். அந்தப் பையன் உன்கிட்ட எவ்வளவு கெஞ்சியிருப்பான்? அவனுக்குக் குடுக்காததை எனக்கு ஒரே நாள்ல அள்ளிக் குடுத்திருக்கே. நீ அவ்வளவு நல்லவன் இல்லடா. உன்னை எனக்குத் தெரியாதா?"

கஞ்சன் அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். உடம்பு சரியில்லாதவளாயிற்றே என்று கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன் என்று எதையோ உளறினான். உடம்பு சரியில்லாமல் போய் எட்டு மாதம் ஆகிறது, போன வாரம்வரை நான் மருந்தை நேரத்துக்குக் குடிக்கவில்லை என்று நீ திட்டிக்கொண்டுதானே இருந்தாய் என்றாள். இப்போது யாருமே திட்டுவதில்லை என்றாள்.

"உங்க மாமா என்கூட சண்டை போட்டே ஒரு வாரமாச்சு. ஃபேனை அஞ்சுல வெச்சாலும் சரிங்கறார், ஒண்ணுல வெச்சாலும் சரிங்கறார். அப்பவே எனக்கு மூக்குல வேர்த்துச்சு. சரி, மனுஷன் களைச்சுப்போயிருக்கார்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். நீ இப்படிப் பண்ணுவேன்னு நினைக்கலை."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

"எனக்கு நாள் இல்லைன்னு சொல்லிட்டாங்களா?"

அவன் மேசையில் விரித்திருந்த வரைபடத்தைப் பார்த்தான். மலை, ஆறு, நாலு வாசல் உள்ள ஊர். எல்லாம் அவன் கையால் வரைந்தது. அந்த நாட்டில் எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் அவனுக்குச் சொல்லத் தெரியும். இதைச் சொல்லத் தெரியவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது, அதைத் துடைக்கக்கூட அவனுக்குக் கை எழவில்லை. அக்கா கையை நீட்டி அவன் தலையில் வைத்தாள். மரத்துப்போன விரல்களுக்கு அவன் முடி தெரிந்திருக்காது. இருந்தாலும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அவளும் அழுதாள். சத்தமில்லாமல், வாயை இறுக்கிக்கொண்டு அழுதாள். சமையலறையிலிருந்து மாமா வெளியே வரவில்லை. குழாயும் திறக்கவில்லை.

டீ வந்தபோது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஆளு எனக்கு வேணாம். எல்லாருக்கும் குடுக்கறதைக் குடு" என்றாள்.

வேண்டாம் அக்கா, எலி கடித்துவிடும் என்றான் கஞ்சன். தன் வாயாலேயே இப்படிச் சொல்ல வேண்டிவந்ததே என்று இருந்தது. எட்டு வருடமாக நெட்டை கேட்ட அத்தனையும் நியாயம் என்று அந்த நிமிடம் அவனுக்குப் பட்டது. குழியாவது லிஃப்டாவது. மனிதர்களுக்கு அள்ளிக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம்.

"கடிச்சா கடிக்கட்டும். மூணு உயிரோட ஆரம்பிக்கறவங்களைப் பார்த்தா மேல ஏற இன்னும் நாள் கிடக்குன்னு தோணும். நானும் அப்படி உட்கார்ந்து பார்க்கறேன். ஐம்பது உயிரை வெச்சுக்கிட்டு நான் எங்கடா போகப்போறேன்?" என்றவள், அவன் முன்னால் நின்ற அட்டையைக் காட்டினாள். "அதையும் எடு. உன் பகடையை நானும் பார்க்கணும்."

கஞ்சன் அட்டையை மடித்துக் கீழே வைத்தான். தாளில் ஐம்பதை அழித்து மூன்று என்று எழுதினான். வாளை அழித்துக் கத்தி என்று எழுதினான். ரப்பர் தேய்த்த இடத்தில் பழைய எழுத்து லேசாகத் தெரிந்தது.

தையக்காரி கிழிந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு நிலவறைப் படியில் இறங்கினாள். எலி இருட்டில் கிறீச்சிட்டது. அக்கா கோப்பையைக் குலுக்கிக் கவிழ்த்தாள். பகடை நாலு காட்டியது. கத்தி சுவரில் பட்டது. இப்போது எலியின் முறை. கஞ்சன் பகடையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். போடுடா என்றாள் அக்கா. போட்டான். அது மேசையில் உருண்டு, மலையைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, டீ டம்ளரில் மோதி நின்றது. பத்தொன்பது. எல்லோருக்கும் தெரியும்படி பத்தொன்பது. கடி எவ்வளவு ஆழம் என்று பார்க்க இன்னொரு சின்னப் பகடையைப் போட வேண்டும். போட்டான். மூன்று விழுந்தது.

எலி கடித்தது என்று அவன் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை. எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டிய வழக்கமான அந்த வார்த்தையைச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. நெட்டை எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"முதல் ஆள் எலிக்கு" என்றாள் அக்கா. தன் பொத்தானை உள்ளங்கையால் மேசை ஓரம்வரை தள்ளிக்கொண்டு வந்து, பிஸ்கட் டப்பாவில் விழவைத்தாள்.

இன்றைக்கே இன்னோர் ஆளைப் போட்டுவிடலாம் என்றான் கஞ்சன். சட்டம் கிடக்கட்டும் அக்கா, இப்போதே போடலாம் என்றான். அவன் குரல் கெஞ்சியது.

"செத்த அன்னைக்கே பொறக்க முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை" என்றாள் அவள்.

தையல் டப்பாவை எடுத்துவரச் சொன்னாள். அடுத்த ஆளுக்கு ஒரு பொத்தான் தேடினாள். சட்டைப் பொத்தான்களெல்லாம் அவள் விரலிலிருந்து நழுவி நழுவி விழுந்தன. நெட்டை எடுத்துத் தருகிறேன் என்று வந்தான், வேண்டாம் என்றாள். கடைசியில் ஒரு பெரிய கோட்டுப் பொத்தான் அகப்பட்டது. கறுப்பு, நாலு துளை, ஓரத்தில் கொஞ்சம் உடைந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து, வரைபடத்தில் ஊரின் மேற்கு வாசலுக்கு வெளியே வைத்தாள். மீதி நேரம் முழுக்கச் செத்தவர்கள் உட்காருகிற மாதிரியே சும்மா உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தாள். நெட்டையின் ஆள் ஒரு பாலத்தைக் கடந்தபோது, அந்தப் பக்கம் போகாதே, போன வருடம் அங்கேதானே டீச்சர் ஆள் விழுந்தது என்று எச்சரித்தாள்.

புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. வியாழக்கிழமை மஞ்சள் காமாலை கண்ணில் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கஞ்சனும் மாமாவும் மாற்றி மாற்றி அங்கே இருந்தார்கள். லிஃப்ட் இன்னும் ஒரு விரற்கடை கீழேதான் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கண்ணைத் திறந்து இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். கஞ்சன் சனிக்கிழமை என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

டீச்சரை அக்காவிடம் உட்காரவைத்துவிட்டு, மாற்றுத் துணி எடுக்க அவன் மதியம் வீட்டுக்கு வந்தான். மாமா டிரைவர் சட்டையைக் கழற்றாமல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக ஆட்டம் முடிந்ததும் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். இந்த வாரம் யாரும் சுருட்டவில்லை. அதனால் மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் இரண்டு பேரும் வாரம் முழுக்கச் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். மாமாவின் கையில் ஈரத்துணி இருந்தது. மேசை ஓரத்தைத் துடைத்தார், டீ டம்ளர் வைத்த வட்டத்தைத் துடைத்தார். மேற்கு வாசலுக்கு வந்ததும் அவர் கை மெதுவானது. கறுப்புப் பொத்தானைத் தொடாமல், அதைச் சுற்றி ஒரு விரலால் துடைத்தார்.